ஹோல்டான் சொல்லியும் திறக்காத கதவு

செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், வீடு நலம், வலது கணுக்காலைத் தவிர உன் அப்பாவும் முழு நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "எல்லாம் ஓகேம்மா" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்வாய் என்று தெரியும், அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். ஒரு வெப்சைட் திறக்க மூன்று நொடிக்கு மேலானால் ஜனங்கள் பொறுக்க மாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள், அந்த மூன்றை ரெண்டாக்குவதுதான் என் வேலை என்று நீதானே பெருமையாகச் சொன்னாய். உன் முகம் திறக்க நான் ஒரு வாரத்துக்கு மேலாகக் காத்துக்கொண்டிருக்கிறேன், எழுந்து போனேனா பார்.

நேற்று உன் அறைத்தோழியைப் பிடித்தேன். அந்தப் பெண்ணைத் திட்டாதே, பார்லருக்கு வருகிறவர்களின் வாயைக் கிளறியே பழகியவள் நான், பாவம் அவள் எத்தனை நேரம் தாக்குப் பிடிப்பாள். அன்றைக்கு உங்கள் கம்பெனியில் எல்லாம் படுத்துக்கொண்டதற்கு நீ செய்த ஏதோ ஒரு மாற்றம்தான் காரணம் என்றும், நடந்ததை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள் என்றும், அதற்கு முன்னால் நீ வேலையையே விட்டுவிடப் போகிறாய் என்றும், ஊருக்கு வர எடுத்த டிக்கெட்டையும் கேன்சல் செய்துவிட்டாய் என்றும் ஒவ்வொன்றாகக் கக்கினாள். அப்பா காலை நான்தான் உடைச்சேன், எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி போய் நிக்கிறது என்று அழுதாயாமே. அடி அசடே! கால் உடையவில்லை, சுளுக்கிக்கொண்டது. அதுவும் உன்னால் இல்லை, அவருடைய தொப்பையால். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் உன்னிடம் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் அழலாம்.

போன வருஷம் அப்பா மயங்கி விழுந்தபோது நீ பதறியடித்து வந்து, திரும்பிப் போவதற்குள் மொத்த வீட்டையும் சுருட்டி உன் போனுக்குள் வைத்துக்கொண்டாயே, அங்கே ஆரம்பித்தது எல்லாம். வாசல் பூட்டு, விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார், காலிங் பெல், கேமரா, மாத்திரை டப்பா என்று ஒன்றையும் விடவில்லை, எல்லாம் எங்கள் கம்பெனி வழியாகத்தான் ஓடுகிறது என்று பெருமை வேறு. ஃப்ரிட்ஜை ரெண்டு தடவை திறந்தால் போதும், கடல் தாண்டி இருந்து "அப்பா, மறுபடியும் ஐஸ்கிரீமா?" என்று கேட்பாய். போதாக்குறைக்கு அடுப்படியில் அந்தப் பேசும் பெட்டி. குரலில் தேன் ஒழுகும், சொன்னதை மட்டும் செய்யாது என்பதால் அப்பா அதற்குச் சம்பந்தியம்மா என்று பேர் வைத்திருக்கிறார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கண்டக்டர் வேலையில் இருந்து ரிட்டயர் ஆகியும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போலாம் ரைட்" சொல்லாமல் அவருக்குக் கால் நகராது என்று தெரிந்தும், விளையாட்டாக அதையே வீட்டுக்கு உத்தரவாக மாட்டி வைத்தாயே, அதைச் சொல்கிறேன். அவர் "போலாம் ரைட்" என்றால் விளக்கு, ஃபேன், மோட்டார் எல்லாம் நின்று கதவு பூட்டிக்கொள்ளும், திரும்பி வந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரியே "ஹோல்டான்" என்றால் திறக்கும். நீயும் அவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். வீட்டுக்குள் நான் ஒருத்தி இருப்பேனே என்று அப்பனுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

அன்று காலையில் நான் மாடியில் பார்லரில் தலைமையாசிரியை அம்மாவின் தலை முழுக்கச் சாயத்தைப் பூசி முடித்திருந்தேன். அந்த அம்மா தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கீழே உன் அப்பா பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு, போனை மேஜை மேலேயே வைத்துவிட்டு, வழக்கம்போலப் "போலாம் ரைட்" என்று வெளியே போனார். வீடும் கீழ்ப்படிந்தது. அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்புவதற்குள் உங்கள் பக்கம் எல்லாம் நின்றுபோயிருக்கிறது. வந்தவர் "ஹோல்டான்" என்றார், கதவு அசையவில்லை. பெல்லை அழுத்தினார், அதற்கும் நெட் வேண்டுமே. உரக்கச் சொன்னால் கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ, பனியனோடு வாசலில் நின்று ஹோல்டான், ஹோல்டான் என்று கத்தியிருக்கிறார். பல் டாக்டர் தன் வாசலில் வந்து நின்று தெருவை ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என்ன சார், பஸ் எதுவும் வரலையே என்று கேட்டாராம்.

மேலே எனக்குத் தண்ணீர் நின்றுபோனது. தொட்டி காலி, மோட்டார் ஓடவில்லை, சுவரில் இருந்த பழைய சுவிட்சை நீ கழற்றிவிட்டு மாட்டிய கண்ணாடி சுவிட்சைத் தட்டினால் சுவரைத் தட்டினதுதான் மிச்சம். சாயத்தை நேரத்துக்கு அலசாவிட்டால் அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கு முக்காடு போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இந்த மனுஷர்தான் மோட்டாரை நிறுத்தியிருப்பார் என்று கோபமாகக் கீழே இறங்கி வந்தால், அடுப்படி ஜன்னலில் உன் அப்பாவின் தலையும் தோளும் தொங்குகின்றன, மிச்சம் கொல்லைப்புறத்தில். தொப்பை நடுவில் மாட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்தில் சம்பந்தியம்மா, மன்னிக்கவும், இணைப்பு கிடைக்கவில்லை என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. பார்த்தியா, சம்பந்தியம்மா இன்னிக்குத்தான் முதல் தடவையா மன்னிப்பு கேக்கிறாங்க, மரியாதையா ஏத்துக்கோ என்கிறார் அந்த நிலைமையிலும். நானும் ஒன்றும் குறைச்சல் இல்லை, ஏங்க மோட்டாரை நிறுத்தினீங்க என்று அந்தத் தலையோடு நின்று சண்டை போட்டேன்.

அப்புறம் நான் உள்ளேயிருந்து தள்ள, டாக்டர் வெளியேயிருந்து காலைப் பிடித்து இழுத்தார். பல்லா இருந்தா மரத்துப்போக ஊசி போட்டிருப்பேன் சார், இதுக்கு என்ன பண்றது என்று அவர் சொன்னதும் உன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வயிறு உள்வாங்கி, ஆள் சடாரென்று பின்பக்கம் விழுந்தார். கணுக்கால் மடங்கியது அப்போதுதான். நான் ஓடிப்போய் வாசல் கதவின் கைப்பிடியைத் திருப்பினேன், அது பாட்டுக்குத் திறந்தது. உள்ளேயிருந்து எப்போது வேண்டுமானாலும் திறக்கும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய், ஆக உன் பூட்டின் மேலும் குற்றமில்லை. கல்லை எடுத்து மாடி ஜன்னலில் ஒன்று போட்டிருந்தால் நானே வந்து திறந்திருப்பேன், அதை விட்டுவிட்டு இந்த வயதில் ஜன்னல் ஏறச் சொல்லி உங்கள் கம்பெனியா சொன்னது? தலைமையாசிரியை அம்மாவை டாக்டர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், பல் பிடுங்குகிற நாற்காலியில் படுக்க வைத்து, வாய் கொப்பளிக்கிற தொட்டியில் தலையை அலசினோம். முடி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த அம்மா கண்ணாடியை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, இதுவும் நல்லாத்தான் இருக்கு என்று கிளம்பிவிட்டார். இப்போது அதே நிறம் வேண்டும் என்று ரெண்டு டீச்சர்கள் வந்து நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் விட்டேன் என்று எனக்கல்லவா தெரியவில்லை.

இத்தனை கூத்திலும் நான் பயப்படவே இல்லை. சாயங்காலம் டிவியில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் காலையிலிருந்து நின்றுபோயிருக்கின்றன என்று சொல்லி உங்கள் கம்பெனியின் பேரையும் சொன்னார்கள் பார், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எங்களைப் பார்த்துக்கொள்ளத்தானே இந்த விளக்கையெல்லாம் மாட்டினாய், அன்றைக்கு அந்த எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டு நான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். இது எரிகிற வரைக்கும் என் பிள்ளை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாளே என்று நானும் சாதத் தட்டை மூடி வைத்துவிட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்ததும் அப்பா நொண்டிக்கொண்டே எழுந்து கை தட்டினார், நான் அழுதேன். மறுபடி எல்லாவற்றையும் எழுப்பி உட்கார வைத்ததும் நீதானாமே. உன் தோழி சொல்லித்தான் தெரிந்தது. கெடுத்ததை மட்டும் ஊர் பூராவும் சுமந்துகொண்டு திரிகிறாய், சரி செய்ததைச் சொல்ல வாய் வரவில்லையா?

வேலையை விடுவதானால் விடு, உன் வேலை, உன் இஷ்டம். ஆனால் எல்லோர் முன்னாலும் நின்று சொல்லிவிட்டு விடு. வண்டி நடுவழியில நின்னா திட்டு வாங்குறது கண்டக்டர்தான், அதுக்காக முதல் ஆளா இறங்கி ஓடக்கூடாது, கடைசி ஆளை வேற வண்டியில ஏத்திவிட்டுட்டுத்தான் இறங்கணும் என்று அப்பா சொல்லச் சொன்னார். பேசும்போது பயம் வந்தால் உன் அப்பா ஜன்னலில் தொங்கியதை நினைத்துக்கொள், வேண்டுமானால் அதையும் சேர்த்துச் சொல், அவருக்கு ஆட்சேபணை இல்லை, தொப்பையை மட்டும் குறைத்துச் சொல்லச் சொன்னார்.

உன் பூட்டை நாங்கள் கழற்றவில்லை. அதற்குக் கீழே பூட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சாதாரணப் பூட்டு ஒன்று போட்டிருக்கிறோம், இனி ரெண்டில் எதைத் திறந்தாலும் உள்ளே வரலாம். அதற்கு மூன்று சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அப்பாவிடம், மூன்றாவதை இந்தக் காகிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன், கீழே விழுந்துவிடாமல் எடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து உன் அப்பா "போலாம் ரைட்" சொல்வதில்லை. வாசல் வரைக்கும் போகிறார், வாயைத் திறக்கிறார், மூடிக்கொண்டு பேசாமல் வெளியே போகிறார். கதவு மேல் பயமாக்கும் என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. டிக்கெட்டு எடுத்த ஆள் ஒண்ணு இன்னும் ஏறலை, அது ஏறாம நான் எப்படி ரைட் குடுக்கிறது என்றார்.

நல்லபடியாக இரு, ராசாத்தி. எடுத்த காரியம் உன் கையில் விளங்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, முடியை நீயே வெட்டிக்கொள்ளாதே, நான் வெட்டிவிடுகிறேன். சாவியைப் பத்திரமாக வை.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா

(அப்பா கையெழுத்து: கால் நல்லாயிருக்கு. ஏறிக்கோ.)