கண் குளிசையும் கல்யாணப் பேச்சும்

என் பிரியமான சம்பந்தி மதினிக்கு, நீங்கள் அடங்கியிருக்கும் கப்று தேடி என் ஸலாம்.

மையவாடிக்கு ஆண்கள் போய் உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அதனால் எழுதுகிறேன். படிப்பவர்கள் படிக்கட்டும். நமக்குள் ரகசியம் என்று என்ன இருந்தது? இருந்ததையும் நீங்கள் ஒரே நாளில் வெளியே கொட்டிவிட்டீர்களே!

சண்டை முடிந்த புதிது. மன்னாருக்கே திரும்புவோமா, புத்தளத்திலேயே இருந்துவிடுவோமா என்று நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான், முந்தலிலிருந்து நீங்கள் என் மகள் ஷிபானாவை உங்கள் மகனுக்குக் கேட்டு வந்தீர்கள். தென்னந்தோட்டக்காரர்கள் நீங்கள், அகதியாக வந்தவர்கள் நாங்கள். இந்தச் சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பயம். எனக்கோ சீனி வருத்தம், பிரஷர், அதனால் கொஞ்சம் பழுதாகிப்போன கிட்னி. போதாததற்குக் கண்ணிலும் அழுத்தம். நோய்க்காரியின் மகள் என்று ஷிபானாவைச் சொல்லிவிடுவார்களே என்று ஒன்றையும் வெளியே விடவில்லை.

கண் டொக்டர் கேட்கத்தான் செய்தார், வேறு வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று. பக்கத்து வாங்கில் முந்தல்காரி ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒண்டுமில்ல டொக்டர், அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். கண் அழுத்தம் குறைய அவர் வாயால் விழுங்கும் குளிசை எழுதித் தந்தார்.

கல்யாண நாள் குறிக்க நீங்கள் வட்டிலப்பத்தோடு வந்தபோது அந்தக் குளிசை தொடங்கிச் சில வாரம் ஆகியிருந்தது. விரல் நுனியெல்லாம் விறுவிறுத்தது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கியது. எதைத் தின்றாலும் மண் மாதிரி இருந்தது. வட்டிலப்பத்தை வாயில் வைத்து "நல்ல ருசி" என்றேன். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள்.

"நான் கருப்பட்டி போட மறந்துட்டேனோ மதினி? உங்கட முகம் அப்படித்தான் சொல்லுது. அது கிடக்கட்டும், என்னத்துக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"மூச்சு முட்டுத்தான் மதினி. காத்து மாறினா வாறது."

"முட்டோ என்னவோ, எனக்குத் தெரியாது. டொக்டர் சொல்லட்டும். எழும்புங்க, நான் வந்த ஓட்டோ வாசல்லதான் நிக்கிது. குடிக்கிற குளிசையெல்லாம் எடுங்க."

நாள் குறிக்க வந்தவர் நாளையே மறந்துவிட்டீர்கள். அலுமாரியில் நான் ஒதுக்கி வைத்த கண் குளிசையும் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது.

"அது கண்ணுக்கு மதினி. மூச்சுக்கு என்னத்துக்கு அது?"

"வாயாலதானே போடுறீங்க? அப்ப வயித்துக்குள்ளதான் போகுது. எடுங்க!"

ஆஸ்பத்திரி டொக்டர் இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தக் குளிசையைத்தான் கையில் எடுத்தார். கால் வீக்கத்துக்குச் சிறுநீராகத் தண்ணீரை இறக்கும் குளிசைகள் இருக்கின்றனவே, இதுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாம். கண் அழுத்தத்தைக் குறைக்கும். கூடவே இரத்தத்தில் அமிலத்தை அடக்கிவைக்கும் காரத்தையும் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும். நல்ல கிட்னி ஓரளவு சமாளித்துக்கொள்ளும், பழுதான கிட்னியால் முடியாது. இரத்தத்தில் அமிலம் கூடிப்போனதால்தான், அதைக் குறைக்க உடம்பு அப்படி மூச்சை இறைத்திருக்கிறது. "இன்னும் சில நாள் விட்டிருந்தா உங்களோட நான் கதைச்சிருக்க ஏலாது" என்றார். கண் டொக்டரோடு போனில் பேசிக் குளிசையை நிறுத்தி, கண்ணுக்குச் சொட்டு மருந்தும் அமிலத்துக்குச் சோடாக் குளிசையும் தந்து என்னை வார்டில் போட்டார்.

அத்தோடு விட்டிருக்கக் கூடாதா? "கண் அழுத்தம் குடும்பத்துல வரக்கூடியது. பிள்ளைகளையும் கூட்டி வந்து காட்டுங்க" என்று உங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார்.

மூச்சு திரும்பிவிடும், சம்பந்தம்? நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ ஆற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"மதினி, கல்யாணத்த நீங்க..." என்று இழுத்தேன்.

"ஓம், நானும் கல்யாணத்தத்தான் யோசிக்கிறேன். மருமகளுக்குக் கண்ணக் காட்டுறது நிக்காஹ்வுக்கு முந்தியா, பிந்தியா? முந்தினா நல்லம். பிந்தினா என்ட மகன் வேலையைச் சாட்டுச் சொல்லுவான்."

ஷிபானாவை மருமகள் என்று நீங்கள் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் விம்மி விம்மி அழுதேன். நிம்மதியாக அழவிட்டீர்களா? "அப்பத்துக்குப் போடுற சோடாதானாமே தந்திருக்காங்க? மாவு கொஞ்சம் புளிச்சுப் போச்சு மதினி, வேற ஒண்டுமில்ல" என்றீர்கள். பக்கத்துக் கட்டில்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

நீங்கள் தந்த உயிர் என்று சொன்னால் தவ்பா செய்து மன்னிப்புக் கேட்கச் சொல்வீர்கள். சரி, அல்லாஹ் தந்த உயிர்தான், உங்கள் கையால் தந்தான். ஷிபானாவின் கண்ணிலும் அழுத்தம் இருந்ததை நேரத்தோடு கண்டுபிடித்தார்கள். சொட்டு மருந்தோடு பார்வை இன்றுவரை பழுதில்லை. நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு போனது போல உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக, திடீரென்று நின்ற உங்கள் நெஞ்சு எனக்கு நேரம் தரவில்லையே மதினி. அதுதான் ஆறவில்லை.

ஒரு செய்தி. வருகிற வெள்ளிக்கிழமை கற்பிட்டியிலிருந்து உங்கள் சின்ன மகள் ரிஸ்னாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். "உம்மா எப்படி மௌத்தெண்டு கேட்டா, காய்ச்சலெண்டு சொல்லுங்க. நெஞ்சு வருத்தமெண்டா போயிருவாங்க" என்று உங்கள் சொந்தக்காரர்கள் எனக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். ரிஸ்னா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் உள்ளதைச் சொல்வேன். நெஞ்சு வருத்தம்தான், இவளுடைய உம்மா வருடக்கணக்காக மருந்து குடித்தார், அதோடுதான் மூன்று பிள்ளைகளை வளர்த்தார், நோய்க்காரியின் மகள் என்று தெரிந்தும் என் மகளை மருமகளாக எடுத்தார் என்று சொல்வேன். ரிஸ்னாவையும் டொக்டரிடம் காட்டுவோம் என்பேன். கேட்டுவிட்டு எழும்புகிறவர்களை வாசல்வரை நானே அனுப்பி வைக்கிறேன். இருக்கிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறேன். வருகிறவர்கள் இவளுடைய உம்மா எங்கே என்று தேடும்படி விடமாட்டேன், மதினி. இது என் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
ரிஸ்னாவின் உம்மா