வடகோட்டையிலிருந்து வந்த ஆறு நகர்வுகள்

மருதவேலி நாட்டின் கிழக்கு, தெற்கு, மேற்குக் கோட்டைத் தலைவர் மூவர்க்கும் நலமே சூழ்க. உங்கள் சுனைகள் வற்றாதிருக்க. உங்கள் காவலர் இல்லம் திரும்புக. அரசர் பெருமானின் முதலமைச்சன் நெடுங்கிள்ளான் விடுக்கும் ஓலை.

தனிக்குன்றுகளில் அடைபட்டுக் கிடந்த நீங்கள் மூவரும் வடகோட்டைத் தலைவர் வேங்கைமாறரும் தத்தம் படியில் ஒரு பங்கை ஒதுக்கி, தலைநகரில் புறா வளர்க்கும் அல்லியங்கோதையின் வீட்டில் நால்வர் ஆடும் சதுரங்கக் களம் அமைத்தீர்கள். அவள் வளர்த்த புறாக்கள் கோட்டைகளிலிருந்து நகர்வுக்குறி சுமந்து வீடு திரும்பும். அவள் காயை நகர்த்தி மற்றவர்க்குத் தூதர் வழி அறிவிப்பாள். ஒன்பது ஆண்டுகள் அவ்வாறே நடந்தது.

சென்ற கார்மழையில் மலை சரிந்து வடகோட்டையை மூடியது. ஒற்றர் சேற்றை மட்டுமே கண்டு திரும்பினர். அனைவரும் மாண்டனர் என்று நெடுங்கிள்ளான் முரசறைவித்தான், ஈமக்கடனும் முடிந்தது.

மறுநாள் கோதையின் கூட்டில் ஒரு புறா வந்தமர்ந்தது. காலில் ஈர ஓலைநறுக்கு. அதில் வடகோட்டைக் கருங்குதிரையின் நகர்வு. நறுக்கில் சேற்றுவாடை வீசியது. அவள் அக்குதிரையை நகர்த்தினாள். செய்தி பரவ, அண்டைவீட்டார் அவள் வாசல்வழி நடப்பதையும் விட்டனர். நீங்கள் மூவரும் இது பேயின் கை என்றும், களத்தை எரித்துவிடுமாறும் எழுதினீர்கள்.

அச்சம் அவளுக்கும் இருந்தது. ஆயினும் வேறொன்று அவளை உறுத்தியது. வேங்கைமாறர் ஒருநாளும் தம் யானையைக் காவலின்றி விட்டவரல்லர். இந்தக் கையோ யானையை வலியக் கொண்டுபோய்ப் பலிகொடுத்தது. மூன்றாம் புறா வந்தபோது அவள் அமைச்சன் முன் வந்து நின்றாள். அவள் சொன்னது சொன்னபடியே: "செத்தவரு ஆட்டத்தை மறந்துருவாரா ஐயா? இது அவரு கையில்ல. வேற யாரோ அங்க உசுரோட இருக்காங்க."

துயரம் அறிவை மயக்கியது என்று கூறி நெடுங்கிள்ளான் புன்னகைத்து அனுப்பினான்.

ஆறாம் புறாவுக்குப் பின் அவள் காத்திருக்கவில்லை. தன் கொழுந்தர் நால்வரோடு மலையேறி மூன்று நாள் மண்ணை அகழ்ந்தாள். இடிந்த களஞ்சியத்துள் தண்ணீர் சுமக்கும் கோடன் உயிரோடிருந்தான். அருகே வேங்கைமாறர், அவர் இறந்தது நான்காம் புறா பறந்த அன்று. காற்று புகும் பிளவின் கீழே வெறும் புறாக்கூடு ஒன்று கிடந்தது.

ஏன் உதவி கேட்டு எழுதவில்லை என வினவியபோது கோடன் அழுதுகொண்டு உரைத்தது: "தலைவரு கை நசுங்கி, நெனவும் தப்பிப் போச்சுங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. அவரு பக்கத்துல நின்னு பாத்ததுல இந்தக் காய்க்குறி மட்டுந்தான் தெரியும். அதையாவது அனுப்புனா யாராச்சும் வருவீங்கன்னு நெனச்சேன்."

இப்போது சாளரத்தில் சிறகோசை கேட்கும்போதெல்லாம் அமைச்சன் அவை நடுவே எழுந்து நின்றுவிடுகிறான். வந்தது காக்கையே ஆயினும்.

ஆதலால் ஆணை: அழிந்ததாகக் கருதிய எக்கோட்டையின் புறா எக்குறியோடு வரினும் அன்றே படை புறப்படுக. காவலரும் ஏவலரும் ஆண்டிறுதிக்குள் எழுத்துக் கற்க. களத்தை எவரும் தீண்டற்க.

நெடுங்கிள்ளான் இலச்சினை இட்டது. இதுவே கடைசி முறை. இலச்சினை இன்று அரசரிடம் மீள்கிறது. இவ்வோலையை எழுத்தறியாதார் அனைவரையும் கூட்டி, அவர்முன் உரக்கப் படிக்க.