யாரும் திருப்பிக் கேட்காத ஓலை

என் ரயில் சிநேகிதிக்கு,

திங்கட்கிழமை காலையில் பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முருகன் காலண்டருக்குப் பின்னால் கை பட்டதும் ஏதோ சரசரத்தது. எடுத்துப் பார்த்தால் உன் ஓலைச் சிலுவை. போன வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் ரயிலில் என் கையில் நீ வைத்தது. பச்சையெல்லாம் போய் வெளுத்து, முனை சுருண்டுவிட்டது. முகர்ந்து பார்த்தேன். ஓலை வாசனை இல்லை. எங்கள் வீட்டுக் கற்பூர வாசனைதான் ஏறியிருந்தது.

இந்த வருஷம் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையை ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்து, அடுத்த தவக்காலம் பிறக்கும் முன் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள் என்பதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாசி மாதம் நெருங்கினால் போதும், லைப்ரரிப் புத்தகத்தைக் கேட்பவள் மாதிரி ஆரம்பித்துவிடுவாய். "என் ஓலை எங்கப்பா? முருகன் கிட்டயே குடுத்துட்டியா? எடுத்துகினு வா, எரிக்கணும்." நான் இரண்டு நாள் மறந்து போவேன். மூன்றாம் நாள் ராத்திரி போன் வரும். ஒரு காய்ந்த ஓலைக்கு இவ்வளவு அலட்டலா என்று அப்போது எனக்குச் சலிப்பாக இருக்கும். இப்போது அந்தச் சலிப்புக்குக் கூட ஆள் இல்லை.

ஓலையைப் பையில் வைத்துக்கொண்டு வழக்கமான ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம், உன் இடம், காலியாக இருந்தால் இன்னும் நான் அதில் உட்காருவதில்லை. அரக்கோணத்தில் யாராவது ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். அது வரைக்கும் பை உட்கார்ந்திருக்கும்.

சோர்ந்து போயிருக்கிறேன் என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். முழங்கால் படியேற மறுக்கிறது. வகுப்பெடுக்கிற நேரத்தை விட எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற நேரம் அதிகமாகிவிட்டது. ஆய்வுக் குழு வருகிறது என்று ஒவ்வொரு துறையிலும் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருக்கிறோம். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, போன வாரம் நம் கல்லூரி முதல்வர் சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

உன் பாடத்தைப் பற்றித்தான். 'நம்பிக்கையும் கலையும்'. ஆங்கிலத் துறையில் நீயாகவே வடிவமைத்து, நீயாகவே எடுத்துவந்த விருப்பப் பாடம். நீ போன பிறகு இந்த ஒரு பருவம் அதை யாரும் எடுக்கவில்லை.

"மிஸ், புதன்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்றார்கள் சிஸ்டர். "நீங்க எடுத்தா இருக்கட்டும். இல்லன்னா அந்த நேரத்தக் கம்ப்யூட்டர் கோர்ஸுக்குக் கேக்கறாங்க. குடுத்துடலாம்."

"நான் தமிழ்த் துறை, சிஸ்டர். அதுவும் இல்லாம, நான் உங்க மதமும் இல்லையே."

"அவங்க பாடத்த உங்கள விட அதிகமா யாரு கேட்டிருக்காங்க? தினம் ரயில்ல கேட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் களைப்பு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

வெளியே வந்ததும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சியில் உப்பில்லை என்று சொன்னாய். ஐப்பசி மழையில் உன் ஊர் பள்ளிப்பட்டுக்கு பஸ் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டாய். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்துக்கொள் என்று நீ கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், முடிந்திருக்கும். நீ கேட்காமலே போய்விட்டாய். கேட்காதவளுக்கு எப்படி மறுப்புச் சொல்வது?

அந்தப் பாடத்தால் உனக்கு என்ன சுகம் என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன். உங்கள் பங்குக் கோயிலில், தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில், வேதம் போதாதா, கதையும் படமும் எதற்கு என்பார்கள். துறையிலோ, இலக்கிய வகுப்பில் சாமிக்கு என்ன வேலை என்பார்கள். "கோயில்ல என்னைப் படிச்சவங்கறாங்க, டிபார்ட்மென்ட்ல பக்தைங்கறாங்க. ரெண்டு வாசல்லயும் நிக்க வச்சே பேசி அனுப்பறாங்கப்பா" என்று நீ சொல்லிச் சிரிப்பாய். சிரிப்பாய்தான், ஆனால் திருவள்ளூர் வரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருப்பாய்.

ஒரு பருவத்தின் முதல் வகுப்புக்கு நானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ புத்தகமே கொண்டுவரவில்லை. மேஜை மேல் ஒரு ரொட்டி, ஒரு கிண்ணத்தில் எண்ணெய், மெழுகுவத்தி, கொஞ்சம் சாம்பல். பிள்ளைகளை வரிசையாக வரச் சொல்லித் தொட வைத்தாய், முகர வைத்தாய். "தொட்டுப் பாக்க ஒரு பொருள் இல்லாம எங்க சாமி எதையும் பேசாது. கதை எழுதறவங்களும் அப்படித்தான். அங்கருந்து ஆரம்பிப்போம்" என்றாய். உங்கள் கத்தோலிக்கச் சிந்தனை எனக்கு விளங்கியது அவ்வளவுதான். அதற்கு மேல் விளங்க வேண்டிய தேவையும் எனக்கு ஏற்பட்டதில்லை.

சிற்றாலயச் சுவரில் இருக்கிற அந்த ஓவியம், இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இரவு விருந்து, நினைவிருக்கிறதா? எப்போதோ நம் கல்லூரி ஓவிய ஆசிரியை ஒருவர் வரைந்தது. எல்லோரும் தரையில் சப்பணமிட்டு, இலை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீ பிள்ளைகளை அதன் முன்னால் உட்கார வைத்து, தோன்றுவதைக் கேளுங்கள் என்றாய். ஒளி எங்கிருந்து வருகிறது, யார் முகம் இருட்டில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். திருவாலங்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கரும்பு வெட்டப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளை, எழுந்து, "சமைச்சது யாரு மேடம்? அவங்க ஏன் படத்துல இல்ல?" என்றாள். பின்னால் சிலர் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அன்று மாலை ரயிலில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருஷமா அந்தப் படத்தப் பாக்கறேன்பா, எனக்குத் தோணவே இல்ல" என்றாய். அந்தப் பருவம் முழுக்க அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே பாடம் எடுத்தாய். பிள்ளைகள் படத்தில் இல்லாத அந்தச் சமையல்காரியைப் பற்றி எழுதினார்கள். சில கதைகளை அரக்கோணம் தாண்டும்போது எனக்குப் படித்துக் காட்டினாய். சுமாரான கதைகள்தான். நீ அழுதாய்.

உனக்கு எங்கள் பக்திப் பாடல்கள் மேல் ஒரு பொறாமை உண்டு. "உங்க ஆளுங்க சாமியவே திட்டறாங்க, சண்ட போடறாங்க. எங்க பொண்ணுங்க சாமி எதிர்ல கை கட்டிகினு உக்காந்திருக்குதுங்க. அதுங்க எப்ப எழுதறது?" என்பாய். உங்கள் பழைய வேதப் பாடல்களிலும் புலம்பல் நிறைய உண்டே என்பேன், நீயே சொல்லிக்கொடுத்ததை வைத்து. "ஆங், அதச் சொல்லு" என்று கிளம்பிவிடுவாய். பக்கத்தில் இருப்பவர்கள் நாம் சண்டை போடுகிறோம் என்று நினைத்து விலகி உட்காருவார்கள். நமக்கு இடம் கிடைக்கும்.

ஒரு சாம்பல் புதன் கிருத்திகையோடு சேர்ந்து வந்தது. மாலை ரயிலில் மஞ்சள் துணியும் பூக்காவடியுமாகக் கூட்டம், எல்லார் நெற்றியிலும் பட்டை பட்டையாகத் திருநீறு. நடுவில் நீ, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு. நம் பூக்காரம்மா கூடையை இறக்கிவிட்டு உன்னைப் பார்த்தார். "இன்னா டீச்சர், துன்னூறு கலைஞ்சி கீது" என்று சொல்லிக்கொண்டே, நான் வாயைத் திறப்பதற்குள் கட்டைவிரலால் உன் சிலுவையை இழுத்துத் தேய்த்து, தன் நெற்றித் திருநீற்றை எடுத்து மேலும் கீழும் பூசி, மூன்று கோடாக்கிவிட்டார். "இப்பதான் லட்சணமா கீது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீயோ கையெடுத்துக் கும்பிட்டு, முல்லைப்பூ வாங்கிக்கொண்டாய். திருத்தணியில் இறங்கி ஸ்டேஷன் ரோட்டில் நடக்கும்போது, உன்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "போனாப் போகுது விடு, ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன். நீ நின்றுவிட்டாய்.

"ஒண்ணுன்னு சொல்லிடாதப்பா. அப்படிச் சொன்னா ரெண்டயும் பாக்காம விட்டுடுவோம். உங்களுது சாமி குடுக்கறது, தினம் வச்சிக்கலாம், காப்பாத்தும். எங்களுது நாங்க சந்தோஷமாப் பிடிச்சுகினு பாடின ஓலை. நாங்களே எரிச்சுப் பூசிக்கிறோம். போன வருஷத்து சந்தோஷம்பா இது. அத எரிச்சாதான் அடுத்தது பச்சையா வரும்."

உன்னோடு பழகிய வருஷங்களில் நீ எனக்குப் பிரசங்கம் என்று செய்தது அது ஒன்றுதான். பட்டை போட்ட நெற்றியோடு பேசினாய்.

திங்கட்கிழமை ஓலையைக் கல்லூரிச் சிற்றாலயத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் வைத்திருந்த பழைய கூடையில் மற்ற ஓலைகளோடு போடச் சொன்னார்கள். போடக் கை வரவில்லை. அந்த மடிப்பு, சின்ன வயதில் கோயிலிலிருந்து திரும்புகிற பள்ளிப்பட்டு பஸ்ஸில் உன் நைனா உனக்குப் பழக்கிய மடிப்பு, முடிச்சே இல்லாமல் நிற்கும். வீட்டுக்கே எடுத்துப் போய்விடலாமா என்று நினைத்தேன். உன் கையால் மடித்தது எதுவும் இனிமேல் வராது. ஆனால் உனக்கு அது பிடித்திருக்காது என்று தெரியும். போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை பின்கட்டில் புகை எழுந்தது. தமிழ்த் துறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

இன்று புதன். பிள்ளைகள் வரிசையில் நின்று சாம்பல் வாங்கினார்கள். நான் எப்போதும் போலப் பின்னால், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். முன்பு உன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தேன். எதில் உன் ஓலை இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிஸ்டரிடம் முடியாது என்று சொல்லிவிடுவதாகத்தான் தீர்மானம். அவர்கள் பூசையில் இருந்தார்கள். ராத்திரி போனில் சொல்லிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மாலை ரயிலில் உன் இடத்தில் நம் கல்லூரிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் ஆண்டு, அரக்கோணம். நெற்றியில் சிலுவை. பூக்காரம்மா வந்தார். எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. "இன்னா பாப்பா, துன்னூறு..." என்று கை நீண்டது. அந்தப் பெண் உன்னைப் போல இல்லை, வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. பூக்காரம்மாவுக்கும் முகம் சுண்டிவிட்டது.

"நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்? பள்ளிப்பட்டு டீச்சருக்கு நான்தான் சரி பண்ணி உட்டேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லலியே" என்றார் என்னைப் பார்த்து.

சும்மா இருந்திருக்கலாம். அவ்வளவு களைப்பு. ரெண்டும் ஒண்ணுதாம்மா, விடு என்று சொல்லியிருந்தால் இருவரும் சமாதானமாகியிருப்பார்கள், நானும் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஸ்டேஷன் ரோட்டில் நீ நின்ற மாதிரி எனக்கும் உள்ளே ஏதோ நின்றுவிட்டது.

"தப்பு இல்லம்மா. ஆனா அது வேற, இது வேற" என்றேன்.

"அப்ப இது இன்னா?" என்றார் பூக்காரம்மா. கூடையை நகர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணும் கேட்டாள். "ஆமா மேடம், வித்தியாசம் என்ன? எங்க வீட்ல வச்சிக்கச் சொல்லுவாங்க, வச்சிப்பேன். ஏன்னு யாரும் சொன்னது இல்ல."

ஓலையிலிருந்து ஆரம்பித்தேன். உன் நைனா, பஸ், மடிப்பு, என் காலண்டர், கற்பூர வாசனை. அரக்கோணம் வந்தபோது நான் அந்த இரவு விருந்துப் படத்தில் இருந்தேன். பூக்காரம்மா, "சமச்சவள உட்டுட்டா எப்படி? அவ துன்னாளா இல்லியா?" என்று கேட்டார். அந்தப் பெண் இறங்குவதற்கு எழுந்து, கதவருகே போய், திரும்பி, "மேடம், இதெல்லாம் எந்தப் பேப்பர்ல வரும்? நாங்க எடுக்கலாமா?" என்றாள்.

அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டே, "எடுக்கலாம். அடுத்த பருவம் நான்தான் எடுக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

திருத்தணியில் இறங்கும்போது தொண்டை வறண்டிருந்தது. முழங்கால் அதே முழங்கால்தான். மலை மேல் விளக்கு போட்டிருந்தார்கள். சிஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன். "தெரியும் மிஸ்" என்று வைத்துவிட்டார்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஏதோ செய்கிறீர்கள்.

உன் நம்பிக்கை எனக்கு வரவில்லை. நீ கொடுக்கவும் முயன்றதில்லை. இரண்டை ஒன்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாத ஒரு குணத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். களைத்த உடம்புக்கு அது சுமைதான். சுமந்துகொண்டிருக்கிறேன்.

காலண்டருக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை. அந்த அரக்கோணத்துப் பெண்ணிடம், குருத்தோலை ஞாயிறு வந்தால் எனக்கும் ஓர் ஓலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அது போதாது என்று தோன்றி, ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகக் கத்திச் சொன்னேன்: அடுத்த வருஷம் அதை மறக்காமல் என்னிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.