பழைய எண் பதினான்கு, மொட்டை மாடி

ஜூலை 7, திங்கள்

வெயில். பஸ் ஸ்டாப்பின் இரும்பு இருக்கையில் உட்கார்ந்த தாத்தா ஒருவர் நான் போனதும் எழுந்து நின்றார். மரியாதை எனக்கில்லை, சூட்டுக்கு.

இன்றைய வழக்கு: வாசல் கேட்டில் இருந்த வீட்டு எண் பலகையைக் காணோம். குற்றவாளி: நான். சாட்சி: யாருமில்லை. தீர்ப்பு: சேஷாத்ரி மாமா படியிறங்கி வரும்போதே தயார். (மாமா எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். இனி சே.மா.)

"வேற யார் பண்ணுவா? லிஃப்ட்ல பல் செட்டை வெச்சுட்டு ஓடினவதானே நீ."

பல் செட் உண்மை. பலகை பொய். ஆனால் பல் செட் வைத்தவள் வாயைத் திறந்தால் யார் நம்புவார்கள். தண்டனை: மாதம் முடியும்வரை மொட்டை மாடிக்குப் போகத் தடை.

பலகையால் எனக்கும் நஷ்டம்தான். அதில் பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டும் இருக்கும். இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் இரண்டு எண். புதிய 14 என்பது தெருவின் மறுகோடியில், எப்போதோ மூடிய ஜெராக்ஸ் கடை. வழி கேட்கும் டெலிவரி அண்ணன்களை அந்த ஷட்டருக்கு அனுப்பிவைப்பது என் பொழுதுபோக்கு. பலகை இருந்தால்தானே குழப்பம் சட்டப்படி நடக்கும்.

சாயங்காலம் படியில் நிரோஷன் அண்ணா (நி.அ.) எதிரே வந்தார். மொட்டை மாடி அறையில் குடியிருப்பவர். ராயப்பேட்டையில் ஒரு லேபில் பொய்ப்பல் செய்கிறார். அந்த இடத்துக்கு நான் வைத்த பெயர் பல்கலைக்கழகம். லிஃப்ட் பல் செட் அங்கே கழித்துப்போட்டதுதான். ஆறு வயதில் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். முகாமில் வளர்ந்து, வேலைக்கு இங்கே வந்து, நொச்சிக்குப்பத்து மேகலா அக்காவைக் கட்டிக்கொண்டார். அக்காவுக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. இப்போது ஐந்தாம் மாதம்.

அண்ணாவுக்குப் பலகை விஷயம் தெரிந்திருந்தது.

"தங்கச்சி, நீயோ எடுத்தனி?"

"இல்லண்ணா."

"சரி."

அவ்வளவுதான். மேலே போய்விட்டார். நான் அதே படியில் நின்றேன். இந்தக் கட்டடத்தில் இதுவரை யாரும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

ஜூலை 9, புதன்

கெமிஸ்ட்ரி டெஸ்ட். விடுவோம்.

துணி எடுக்கிற சாக்கில் தடையை மீறி மேலே போனேன். மேகலா அக்கா தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லை. அறைக்குள் நி.அ. ஒரே பக்கத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

வெளிநாட்டினர் விவகாரம் பார்க்கிற அலுவலகத்திலிருந்து வந்த தாள். இந்த மாத முடிவுக்குள் அண்ணா நாட்டைவிட்டுப் போக வேண்டும், போகாவிட்டால் அனுப்பிவைக்கப்படுவார். காரணம்? தேடினேன். இல்லை. நான் எழுதும் லீவ் லெட்டரில்கூட 'வயிற்றுவலி காரணமாக' என்று ஒரு பொய்யாவது இருக்கும்.

"இன்னா பண்ணிச்சாம் இது? யாராவது வந்து சொல்லட்டும், கேட்டுக்கினு போறேன்" என்றார் அக்கா. பிறகு வயிற்றைத் தொட்டு, "இத்த எங்க அனுப்புவாங்களாம்?"

அண்ணா மெதுவாக, "அங்கை எனக்கு ஆரைத் தெரியும்?" என்றார். கேள்வி என்று சொல்ல முடியாது.

ஆளைக் கடத்தினால் குற்றம். நாடு கடத்தினால் உத்தரவு. படியிறங்கும்போது தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பு வரவில்லை.

துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

இரண்டாவது மாடி ஹேமா மேடம் வக்கீல். தினமும் பிரெட்டைக் கருக்குவார், அந்த வாசனைதான் எனக்கு அலாரம். அக்காவைக் கூட்டிக்கொண்டு நானே போய் மணி அடித்தேன். (வழக்கமாக அடித்துவிட்டு ஓடுவேன். இன்று நின்றதில் மேடம் பயந்துவிட்டார்.)

தாளைப் படித்தார். கேட்டதெல்லாம் இவ்வளவு: இதற்கு முன் ஏதாவது கடிதம் வந்ததா, யாராவது கூப்பிட்டு விசாரித்தார்களா. இல்லை, இல்லை.

நான் குறுக்கே புகுந்து, அண்ணா ஒரு தப்பும் செய்யவில்லை என்று பெரிய பிரசங்கம். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தப்பு பண்ணாரா இல்லையாங்கறது ரெண்டாவது. பண்ணியிருந்தாலும் முதல்ல அவரைக் கேட்டிருக்கணும்."

அண்ணாதான் குடிமகன் இல்லையே என்றேன். குடிமகனாக இல்லாதவரை அரசாங்கம் வெளியே அனுப்பலாம், இங்கேயே இருப்பேன் என்று அவர் உரிமை கொண்டாட முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். அக்கா முகம் விழுந்தது. ஆனால் காரணத்தைச் சொல்லி, பதிலைக் கேட்டு, முறைப்படிதான் செய்ய முடியும். உயிரும் சுதந்திரமும் பற்றிய பிரிவு குடிமக்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல, எந்த நபருக்கும் என்றார்.

நம்பவில்லை. வீட்டுக்கு வந்து குடிமையியல் புத்தகத்தைப் புரட்டினேன். (முதல் முறை. முதுகு முறியும் சத்தம் கேட்டது. புத்தகத்துக்கு.) உண்மைதான். எந்த நபரும். பக்கத்துப் பிரிவுகளில் குடிமக்கள் என்று தனியாக வருகிறது. அப்படியானால் எழுதியவர்களுக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை. இந்த இடத்தில் யோசித்தே அதைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். அப்போது இன்னும் பிறந்தேயிராத பல் செட் அண்ணனுக்காகக் கதவைச் சாத்தாமல் போயிருக்கிறார்கள்.

பரீட்சைக்கு இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக வைத்திருக்கிறார்கள். கொழுப்பு.

ஜூலை 13, ஞாயிறு

மாலையில் தூறல், பெயருக்கு. பஜ்ஜி: வாழைக்காய் 3, வெங்காயம் 2.

படியில் காதில் விழுந்தது. சே.மா. யாரிடமோ போனில்: "பொல்லாதவன்னு சொல்லலை. ஆனா கேஸ் கீஸ்னு ஆயிண்டிருக்கே, நமக்கெதுக்கு வம்பு. காலி பண்ணச் சொல்லிடலாம்னு பார்க்கறேன்."

மேலே நி.அ. சுவரோரம் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். எனக்கு மாமாவின் செருப்புகளைப் பசை போட்டு ஒட்டும் யோசனை வந்தது. அண்ணா என் முகத்தைப் பார்த்தே தலையை ஆட்டினார். வேண்டாமாம்.

ஹேமா மேடம் ஐகோர்ட்டில் போட்ட அண்ணாவின் வழக்கு புதன்கிழமை வருகிறது.

ஜூலை 16, புதன்

ஐகோர்ட். அக்காவுக்குத் துணை வேண்டும் என்று அம்மாவிடம் மன்றாடி, ஸ்கூலுக்கு லீவ். காரணம் எழுதும்போது கை தானாக வயிற்றுவலிக்குப் போனது. அடித்துவிட்டு உண்மையை எழுதினேன். வகுப்பு மிஸ் நம்பப் போவதில்லை.

அக்காவின் பையில்: தண்ணீர், புளிப்பு மிட்டாய், தாலிச்சரட்டில் கோக்க மறந்த ஊக்கு, முண்டகக்கண்ணி அம்மன் கோயில் குங்குமம். அண்ணா கையில்: ஒன்றுமில்லை. இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் கடைசிவரை பின்னால் கட்டியிருந்தார்.

சிவப்புக் கட்டடம், உயரமான கூரை, பழைய மின்விசிறிகள். எங்கும் கறுப்பு அங்கி. வவ்வால் ஜோக் ஒன்று தயாராக வைத்திருந்தேன். எடுக்கவேயில்லை. உஸ் என்று ஒரு சத்தம். வெள்ளை உடை, சிவப்புத் தலைப்பாகை, கையில் வெள்ளித் தடியோடு ஒருவர் நுழைந்தார். எல்லோரும் எழுந்து குனிந்தார்கள். நானும் இடுப்பு வலிக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நாற்காலியில் அமர்கிறார். அவர்தான் நீதிபதி. நான் கும்பிட்டது டவாலியை. டவாலி மட்டும் அதைக் கவனித்தார். மீசைக்குள் சிரித்தார்.

எண்களாகக் கூப்பிடுகிறார்கள். ஒன்றுக்கு வாய்தா. இன்னொன்றுக்கும் வாய்தா. வாய் தா என்றால் அண்ணாவுக்குத் தொழில்ரீதியாகப் பழக்கம்தானே என்று அக்கா காதில் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்தார், விடவில்லை. அதற்குள் நம் எண்.

பேசியது இங்கிலீஷில். எனக்குப் புரிந்தவரை:

ஹேமா மேடம், தாளில் காரணம் இல்லை, விசாரணை இல்லை என்றார். அரசு வக்கீல் கோப்பைப் பார்த்து, மனுதாரர் பதிவு செய்த முகவரியில் குடியிருக்கவில்லை, நேரில் போன அலுவலர் 14-ஆம் எண்ணில் பூட்டிய கடையைத்தான் கண்டார், ஆள் தலைமறைவு என்று குறிப்பு இருக்கிறது என்றார்.

பூட்டிய கடை. ஜெராக்ஸ் கடை. டெலிவரி அண்ணன்களை நான் அனுப்பிவைக்கும் அதே ஷட்டர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இங்கிலீஷை விட்டுவிட்டு, "பழைய நம்பரா, புது நம்பரா?" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. மெட்ராஸ்காரர். அரசு வக்கீலும் சிரித்தார், அப்புறம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

நீதிபதி சிரிப்பை அங்கேயே நிறுத்தினார். எண் தவறா சரியா என்பதற்குள் நான் போகப்போவதில்லை, அவர் உண்மையிலேயே வேறு எங்கோ இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம் என்றார். பிறகு:

"அவரைக் கேட்டீங்களா?"

அரசு வக்கீல் கோப்பின் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நிஜமாகவே தேடினார். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் மழுப்பியிருப்பேன். அவர் நிமிர்ந்து, கேட்டதாகக் கோப்பில் இல்லை என்றார்.

உத்தரவு ரத்து. அனுப்ப வேண்டும் என்று நினைத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள், வக்கீலோடு வர விரும்பினால் வரட்டும், நேரில் கேட்டு, பிறகு முடிவெடுங்கள். அதுவரை அவரைத் தொடக்கூடாது. அடுத்த எண்.

எங்கள் ஸ்கூல் பிரேயர் இதைவிட நீளம். ஒரு அரசாங்கமே கிளம்பி வந்துகொண்டிருந்தது, ஒரு மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார், நின்றுவிட்டது. அதே கேள்வி. மாடிப்படியில் என்னைக் கேட்டாரே நி.அ., அதே கேள்வி.

வெளியே வந்து அக்கா, "அப்ப ஜெயிச்சிட்டமா?" ஜெயிக்கவில்லை, கேட்கப் போகிறார்கள் என்றார் மேடம். அனுப்பிவிடவும் கூடும். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேக்கட்டும். அதுக்குச் சொல்ல எவ்ளோ கீது."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம். அந்த அலுவலர் வந்தது ஒரு வேலை நாள் காலையாகத்தான் இருக்கும். நான் ஸ்கூலில் இருந்திருப்பேன். ஆனால் அன்று லீவாக இருந்து, அவர் என்னிடம் வழி கேட்டிருந்தால்? அக்கா தந்த புளிப்பு மிட்டாயைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

புழுக்கம். கரண்ட் கட்.

பெயிண்டர் வந்தார், கக்கத்தில் வீட்டு எண் பலகை. புதிதாக நீல வர்ணம். துரு ஏறிவிட்டது என்று எழுதக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். சே.மா.வேதான். கொடுத்துவிட்டு மறந்துபோய், என்னைத் தூக்கில் போட்டுவிட்டார்.

மாமா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மழை வரும்போலருக்கே என்றார். மன்னிப்பு கேட்கவில்லை. ஆனால் மொட்டை மாடித் தடை நீங்கியது, காலி பண்ணும் பேச்சும் அதன்பின் எழவில்லை. ஹேமா மேடம் அவரிடம் ஏதோ பேசியிருக்கிறார் என்று அம்மா சொன்னார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நிறைய நாள் எழுதவில்லை. ஃபிசிக்ஸ்.

அண்ணாவுக்குப் புதுத் தாள் வந்துவிட்டது. இம்முறை காரணத்தோடு: பதிவு செய்த முகவரியில் இல்லை என்பது. பதில் சொல்ல அவகாசம் உண்டு. மேடம் பதில் எழுதினார். வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி நேரில் வந்து வீட்டைப் பார்த்து, அண்ணாவை விசாரிப்பாராம். அண்ணா அறைச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார். அவர் வரப்போவது சுவரைப் பார்க்கவா என்று அக்கா திட்டுகிறார். அதுவும் கூடவே தூரிகையைப் பிடித்துக்கொண்டு.

இன்று ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் வாசலில் 'மேலே' பொத்தானில் 'கீழே' என்றும் 'கீழே' பொத்தானில் 'மேலே' என்றும் ஸ்டிக்கர். சே.மா. கதவைத் தட்டினார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஏண்டிம்மா, இது நீயா பண்ணினே?"

மாமா. என்னை. கேட்டார்.

ஆசையாக மறுத்திருக்கலாம். முடியவில்லை. "நான்தான் மாமா" என்றேன். கேட்டுவிட்டாரே, என்ன செய்வது. மூன்று மாடி ஏறி இறங்கி எல்லாவற்றையும் பிய்த்துத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி. தெருமுனையில் கூழ். சாயங்காலம் கறுத்துக்கொண்டு வந்தது, பெய்யவில்லை.

ஸ்கூலிலிருந்து வந்து கேட்டில் நின்றேன், யூனிஃபார்மோடு. ஸ்கூட்டரில் ஒருவர். கையில் கோப்பு, சட்டையில் வியர்வை. ஜெராக்ஸ் கடைப் பக்கமிருந்து வருகிறார்.

"பாப்பா, பழைய பதினாலு எது?"

வழி கேட்டு வந்தவர்களில் என் வாழ்க்கையிலேயே முக்கியமானவர். நீலப் பலகையைக் காட்டினேன். படித்தார். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மறுபடி படித்தார். கோப்பில் ஏதோ எழுதினார்.

"இங்க நிரோஷன்னு ஒருத்தர்..."

"மொட்டை மாடி சார். லிஃப்ட் சரியாத்தான் போகும். நானே வரேன்."

வாசலில் இருந்த சே.மா. தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். உட்கார மேலே நாற்காலி போதாதாம்.

அண்ணா எழுந்து நின்றார், கைகள் பின்னால். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். அக்கா வெள்ளையடித்த சுவரில் சாய்ந்து, முந்தானையில் சுண்ணாம்பு. அதிகாரி பேனா மூடியைக் கழற்றி, பெரிய மனுஷத்தனமாகவெல்லாம் இல்லாமல், களைப்பாக, "சொல்லுங்க" என்றார்.

அண்ணாவுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை போல. கீழே அம்மன் பாட்டு மாறியது. அக்கா, "சொல்லுய்யா, அதான் கேக்குறாங்கல்ல" என்றார்.

"எனக்கு அப்ப ஆறு வயசு" என்றார் அண்ணா. "படகிலை அம்மான்ரை மடியிலை இருந்தனான்."

முகவரியை மட்டும் சொல்லுங்கள் என்று தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. குனிந்து எழுதத் தொடங்கினார்.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்திருக்கிறேன். சே.மா. எனக்குக் கீழ்ப்படியில். ஒலிபெருக்கி நின்றுவிட்டது. அறைக்குள் அண்ணாவின் குரல் மட்டும். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதிகாரி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.