மூன்றாவது முறை தட்டுவதற்குள்

அபூ ரக்கான்,

பருப்புச் சோறு அடுப்பில் இருக்கிறது, தயிர் ஜன்னலோரம். ஏலக்காய்க் காப்பியைச் சூடு பண்ணினால் போதும். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் உங்கள் அண்ணன் நவ்வாஃப் வருகிறார். நான்தான் வரச் சொன்னேன். கத்தாதீர்கள், கேட்க நான் வீட்டில் இல்லை.

உடைந்த கணுக்காலில் ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, எலும்பும் கூடிவிட்டது. இனியும் ஊன்றாவிட்டால் கால் அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார். நேற்றும் கெஞ்சினேன். "என் கால், என் வலி, உனக்கென்னடி தெரியும்?" என்றீர்கள். உங்களைத் தூக்கித் தூக்கி என் தோள்பட்டை கழன்றுபோனது தெரியும்.

இன்னொன்றும் தெரியும். வெள்ளிக்கிழமை இமாம் உள்ளே வந்தபோது, விருந்தாளிக்கு எழுந்திருக்கிற பழக்கத்தில், இரண்டு காலிலும் எழுந்து நின்றீர்கள். உங்களுக்கே தெரியவில்லை. நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

உங்கள் அண்ணன் மூன்று தடவைதான் தட்டுவார். திறக்காவிட்டால், தம்பிக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று திரும்பிவிடுவார். அப்புறம் நீங்கள் செத்தால் மய்யத்தைத் தூக்கத்தான் வருவார். கதவை உள்ளேயிருந்து நீங்கள்தான் திறக்க வேண்டும். வெளியிலிருந்து சாவியில்லாமல் திறக்காது, சாவி என்னிடம்.

உம்மு ரக்கான்

ஊன்றுகோல் கட்டிலோரம் இருக்கிறது. அதை ஒளித்துவைக்கிற அளவுக்கு நான் பாவி இல்லை.

கீழ்வீட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். விழுகிற சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடுவேன். கூப்பிடுகிற சத்தத்துக்கு வர மாட்டேன்.