ஏகாம்பரத்துக்கு வலது பக்கத்து நாற்காலி

20.8.78 ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் வந்து வந்து ஏமாற்றிவிட்டுப் போகிறது. தண்ணீர் நான்கு குடம். வேட்டி இரண்டு துவைத்தாயிற்று. சட்டைக் காலர் பட்டன் தைக்கவில்லை, இந்த வாரமும்.

இரண்டு மணிக்கு ரஹீம் பாய் அச்சகத்து மாடி. வெள்ளிக்கிழமை பௌர்ணமி போனதால் இன்று எல்லோருக்கும் புதிதாக நூறு நூறு புளியங்கொட்டை. காசு வைத்தால் மாடிப்படி ஏறக்கூடாது என்பது பாயின் கண்டிப்பு. ஐந்து மணிக்கு என்னிடம் மிச்சம் அறுபத்து இரண்டு. முக்கால்வாசி ஏகாம்பரத்திடம் போனது.

என் புத்திக்கு ஏறட்டும் என்று எழுதி வைக்கிறேன். இந்தப் போக்கரைப் பாய்க்குச் சொல்லிக்கொடுத்தவர் செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர். அவர் ஊருக்குப் போய்விட்டார், ஆட்டம் தங்கிவிட்டது. ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். அப்புறம் வரிசையாகக் கொட்டை வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் கவிழ்த்துவிட்டால் மிஞ்சியவனுக்கே அத்தனை கொட்டையும், கை எப்படி இருந்தாலும். முதலில் பேசுகிறவன் பாவம். அவன் எத்தனை எடுத்தான், எவ்வளவு வைத்தான் என்று பார்த்துவிட்டு அடுத்தவன் சாவகாசமாக முடிவு செய்வான். முறை கிரிவலம் போல ஒரே பக்கமாகச் சுற்றும். எனக்கு அடுத்தது ஏகாம்பரம். சீட்டுப் போடுகிறவர் மாறினாலும் நாலு ஆட்டத்தில் மூன்றில் நான் வாயைத் திறந்த பிறகுதான் அவர் திறப்பார். நான் ஐந்து வைத்தால் அவர் பத்து. நான் பத்து என்றால் அவர் முப்பது. நான் கவிழ்த்துவிடுவேன்.

அடி அண்ணாமலைக்காரர். மாட்டுத் தரகர். துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசிப் பழகிய மனுஷன். எதிராளி எப்போது பயப்படுவான் என்று அவருக்குத் தெரிகிறது.

சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், தூக்கம் கம்மியா? கண்ணு சொல்லுது."

உண்மைதான். மூன்று நாளாகத் தூக்கமில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

22.8.78 செவ்வாய்

ரீடிங் வேலை. தேரடித் தெருவில் பாதி, பின்னால் இரண்டு சந்து. மொத்தம் எழுபத்தொரு வீடு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், ஆள் யார் என்று பார்க்காமலே. ஒரு வீட்டில் "யாரு?" என்றதற்கு உள்ளே இருந்து பதில்: "யாரும் இல்ல, கரண்ட்காரன்."

இன்று முழுக்க நான் பேசியது: "ரீடிங்", "கார்டு எடுங்க", "நாயைப் பிடிங்க". அவ்வளவுதான். கமலா போய்ச் சேர்ந்த பிறகு இது மூன்றாவது ஆவணி. அவள் இருந்தபோது வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு வீட்டுக் கதையாகக் கேட்பாள், நான் சலித்துக்கொள்வேன். சலித்துக்கொண்டேனே என்று இப்போது இருக்கிறது.

சாயங்காலம் கோரைப்பாயை விரித்துத் தனியாகச் சீட்டுப் போட்டுப் பழகினேன். என் கையும் நானே, ஏகாம்பரத்தின் கையும் நானே. அதிலும் ஏகாம்பரம்தான் ஜெயித்தார். கேவலம்.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், சவரப் பிளேடு, வெள்ளை நூல்.

27.8.78 ஞாயிறு

மழை இல்லை. மாடியில் மேற்கு ஜன்னல் திறந்திருந்தது, வெயில் நேராக என் கண்ணில்.

மூன்றரை மணிக்கு எனக்கு ரெண்டு ஜோடி. ராஜாவும் எட்டும். நல்ல கை. தைரியமாக எட்டு கொட்டை வைத்தேன். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்க்கவே இல்லை. இருபத்தைந்து தள்ளினார். கவிழ்த்தேன். அவர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார், காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஜோடிகூடக் கிடையாது. வெறுங்கை.

"சாருக்கு நல்ல கை வந்தா காது செவக்குது," என்றார். பாய் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

மிச்சம் முப்பத்தொன்று. ஏகாம்பரத்திடம் நூற்றெண்பதுக்கு மேல்.

ஐந்து மணிக்கு ஒரு வாலிபர் படியேறி வந்தார். பாங்கியில் புதிதாக மாற்றலாகி வந்தவராம். நாற்காலி காலியா என்று பாயிடம் விசாரித்தார். இருப்பது நான்கே நாற்காலி. கொட்டை தீர்ந்தவர் எழுந்து, காத்திருக்கிறவருக்கு அடுத்த பௌர்ணமி வரை இடம் விட வேண்டும். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் கூடாது, சீட்டைப் பார்த்து ஜாடை காட்டிவிடுவார்கள் என்று. "ஒரு வாரம் பொறுங்க தம்பி," என்றார் பாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எங்களில் நாலாவது ஆளான கம்பவுண்டரும் என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்தரை. அது போய்விட்டால் எனக்கு வாரத்தில் என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

30.8.78 புதன்

லேசான ஜுரம். கம்பவுண்டர் மாசிலாமணி வேலை செய்யும் டாக்டரிடம் போனேன். மாத்திரை ஆறு. கம்பவுண்டர் பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னது, அப்படியே:

"நீங்க சீட்டுல தோக்கல சார், நாற்காலில தோக்கறீங்க. எங்கிட்ட மாத்திக்குங்க. என் எடத்துல இருந்தா ஏகாம்பரம் மொதல்ல பேசணும், நீங்க அப்பறம்."

இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கம்பவுண்டர் நாற்காலி ஜன்னலை ஒட்டியது. அதில் உட்கார்ந்தால் மலைக்கு முதுகு. அவர் விழுப்புரத்துக்காரர், அவருக்கு அது வெறும் ஜன்னல். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். மலைப் பக்கம் கால் நீட்டிப் படுத்ததில்லை. மலைக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட உட்கார்ந்ததில்லை. இதை யாரும் சொல்லித் தரவில்லை, உடம்பு தானாகத் திரும்பிக்கொள்ளும். பாய்கூட மலை தெரிகிற மாதிரிதான் அச்சகத்து மேஜையைப் போட்டிருக்கிறார். அவர் நாற்காலியைக் கேட்கலாம் என்றால் முட்டிவலிக்காரர், கதவோரம் கால் நீட்ட இடம் வேண்டும்.

நான் அந்தக் கிழக்கு நாற்காலியை விடமாட்டேன் என்று ஏகாம்பரத்துக்கும் தெரியும். முதல் நாளே பார்த்துத்தான் என் இடது கைப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்து வைத்திருக்கிறார் என்னை.

இரவு ரசம் சாதம். பாதி கொட்டினேன்.

3.9.78 ஞாயிறு

மத்தியானம் ஒரு தூறல். மண் நனையவில்லை.

மாற்றி உட்கார்ந்தேன்.

உட்காரும் முன் ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன். கம்பவுண்டர் என் பழைய நாற்காலிக்குப் போனார். ஏகாம்பரம் "சார் துணிஞ்சுட்டாரு" என்றார். பிடரியில் யாரோ நிற்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, முதல் நாலைந்து ஆட்டம் வரை. அப்புறம் மறந்துபோனேன். அது எனக்கே ஆச்சரியம்.

ஏகாம்பரம் எத்தனை சீட்டு எடுக்கிறார் என்று இப்போது நான் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். மூன்று எடுத்துவிட்டு மிரட்டினால் பெரும்பாலும் சும்மா. ஒன்றும் எடுக்காமல் மிரட்டினால் கவிழ்த்துவிட வேண்டும். இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு வருடம் தோற்றேன்?

என் முகமும் அவருக்குக் கிடைக்கவில்லை. வெளிச்சம் என் பின்னால். கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தார். "மூஞ்சியே தெரியல சார்," என்றார் இரண்டு முறை. முப்பத்தொன்று அறுபதாயிற்று, அறுபது நூற்றிருபதாயிற்று. அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆள் இல்லை.

ஐந்து மணிக்குக் கடைசி ஆட்டம். அவர் ஒரே ஒரு சீட்டு எடுத்தார். மிச்சமிருந்த கொட்டை அத்தனையும் இரண்டு கையாலும் தள்ளினார். என்னிடம் ரெண்டு ஜோடி, பத்தும் நாலும். போன வாரத்துக் கையைவிட மட்டம். ஒரு சீட்டு எதிர்பார்த்து எடுத்து அது வரவில்லை என்று தோன்றியது. வைத்தேன். காட்டச் சொன்னேன். நாலு டயமண்ட், ஒரு கிளாவர். ஐந்தும் ஒரே ஜாதியாக வந்திருந்தால்தான் பெரிய கை, இது ஒன்றுமில்லாத கை.

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லா ஆடுனீங்க சார்," என்றார். கோபம் ஒன்றும் இல்லை குரலில். மேஜை மேல் கையை வைத்து எழுந்து, பாயிடம் தலையசைத்துவிட்டுப் படி இறங்கினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக ஓட்டலுக்குப் போய் பூரி, அப்புறம் ரவா தோசை, காபி. எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட வாய்வரை வந்தது. அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஜெயித்தேன், கமலா.

10.9.78 ஞாயிறு

நல்ல மழை நேற்று ராத்திரி. இன்று மலை கழுவிவிட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை, முதுகுதான் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஏகாம்பரம் நாற்காலியில் பாங்கித் தம்பி. நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. நல்ல கை வந்தால் வைக்கிறார், இல்லையென்றால் கவிழ்க்கிறார். தன் சீட்டைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. நான் வைத்தேன், எல்லோரும் கவிழ்த்தார்கள். மறுபடி வைத்தேன், மறுபடி கவிழ்த்தார்கள். வந்த கொட்டையை டப்பாவில் போட்டுக்கொண்டே இருந்தேன். நான்கு மணிக்கே கொட்டாவி வந்தது.

இன்று காலர் பட்டன் தைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். புது பிளேடில் சவரம். ஜுரத்தில் இளைத்தும்தான் இருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எதிர்பார்க்க நான் யார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் புத்தியில் உறைத்தது. நான் என்ன நினைக்கிறேன், பயப்படுகிறேனா, தூங்கினேனா என்று வாரத்துக்கு மூன்றரை மணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் இந்த ஊரில் ஏகாம்பரம். என்னைத் தோற்கடிக்கத்தான் பார்த்தார். இருக்கட்டுமே. அந்த ஆளை நானே எழுப்பி அனுப்பிவிட்டு ரவா தோசை சாப்பிட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பௌர்ணமி. அடுத்த ஞாயிறு அவர் வரலாம். வருவாரா? பாயைக் கேட்டதற்கு, ஒரு தகவலும் இல்லை, ரோஷக்காரர், என்றார்.

12.9.78 செவ்வாய்

அடி அண்ணாமலை என்னுடைய ரவுண்டு இல்லை. சகாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவனுக்குச் சந்தோஷம், எனக்கு ஏழு பொய் சொல்ல வேண்டியிருந்தது. சைக்கிளில் போனேன். வழியில் சக்கரம் சேற்றில் மாட்டி வேட்டி பாழ்.

ஏகாம்பரத்தின் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை, வாசலில் ஐந்து மாடு. அவர் இல்லை. போளூர்ப் பக்கம் சந்தைக்குப் போயிருக்கிறாராம். சம்சாரம்தான் வந்தார். வயதான அம்மாள், கையில் சாணி. மீட்டர் உள்ளே இருக்கிறது என்று காட்டினார். ஸ்டூல் மேல் ஏறினேன். என்னவோ ஒரு தைரியத்தில், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாரா, ஒரு விஷயமாகப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை எங்கங்க இருக்காரு? சாப்ட கையோட கெளம்பிடுவாரே. டவுனு அச்சாபீஸ்ல சீட்டு. நீங்க பாத்ததில்லியா?"

போன ஞாயிறும் போனாரா என்று கேட்டேன். இறங்கி, கார்டில் ரீடிங்கை எழுதிக்கொண்டேதான் கேட்டேன்.

"போவாம? மழை சேத்துல போய்ட்டு, பொழுது சாஞ்சுதான் வந்தாரு. யாரோ கரண்டாபீஸ் சாராம், அவரை இந்த வாட்டி ஜெயிச்சுட்டேன்னு சொல்லிச் சிரிச்சாரு. ஜாஸ்தி பேசற ஆளு இல்லீங்க அவரு. சீட்டாடிட்டு வந்த அன்னிக்கிதான் எங்கிட்ட நாலு வார்த்த பேசுவாரு." என் கையிலிருந்த கார்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "அந்த சார் நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"நெஜமாவே ஜெயிச்சாரா?"

"ஜெயிச்சாரும்மா," என்றேன். "என்னால ஒண்ணும் பண்ண முடியல."