வனத்துத் தவசியும் கடற்கரை மல்லனும்

சிகாகோ
4.5.1996

அன்புள்ள அப்பாவுக்கு, கிங்ஸ்லி எழுதுவது.

கல்யாணத்தை முடித்துவிட்டு உங்களுக்கு எழுதியது என் தப்புத்தான். டெல்பினை எனக்குக் கட்டிவைப்பதாக அவள் வீட்டுக்கு நீங்கள் வார்த்தை கொடுத்திருந்ததும் எனக்குத் தெரியும். இனி நான் உங்கள் வாசல் மிதிக்கக் கூடாது என்று கோயில் கொடிமரத்தடியில் சத்தியம் செய்தீர்களாம், அம்மை எழுதியிருந்தாள். கிறிஸ்துமஸுக்குத் தெரேஸைக் கூட்டிக்கொண்டு வர ஆசைப்படுகிறேன். நீங்கள் சரி என்றால் வருவோம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இங்கே ஒரு விளையாட்டுக்குப் புத்தகம் எழுதுகிறோம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை நடத்துவார்கள். அதில் ஒரு வேடம், ஆயுதம் இல்லாமல் தவ வலிமையால் சண்டை போடும் துறவி. எல்லாரும் அவனைச் சீனாக்காரனாக, ஜப்பான்காரனாகவே எழுதுகிறார்கள். ஆசியாவுக்கு வெளியே தேடு என்கிறார் முதலாளி. கிரேக்க மல்லர்கள், எகிப்து வனாந்தரத்துத் தவசிகள், தாயத்துக் கட்டி இறங்கும் செனகல் கடற்கரை மல்லர்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன். தவசிகளைப் பற்றி உங்கள் அளவுக்கு வாசித்த ஆள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

உங்கள் மகன்
கிங்ஸ்லி

சேசு மரி சூசை

உவரி
27.5.1996

கிங்ஸ்லிக்கு,

உன் அம்மை சுகம். நானும் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

சத்தியம் சத்தியந்தான். கிறிஸ்துமஸ் பேச்சு வேண்டாம்.

ஐந்தாம் வகுப்போடு வள்ளம் ஏறினவனிடம் அமெரிக்காவிலிருந்து சந்தேகம் கேட்கிறாய். கேட்டுக்கொள். நம்மூர்க் கோயில் அந்தோனியார் வேறு, வனத்து அந்தோனியார் வேறு. உன் முதலாளி இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிடப் போகிறான். எகிப்தில் பேய்களோடு மல்லுக்கு நின்றவர் வனத்து அந்தோனியார். குற்றுயிராய் அடித்துப் போட்ட பிறகும் படுத்துக்கொண்டே பேயைச் சண்டைக்குக் கூப்பிட்டார். உன் தவசி ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்க வேண்டும். முதல் அடி அவன் அடிக்கக் கூடாது. கொடுத்த வார்த்தையை மாற்றினால் அன்றோடு பலம் போய்விட வேண்டும்.

கிரேக்கன் எண்ணெய் தடவிக்கொண்டு மாலைக்காகச் சண்டை போட்டவன், அவனை விடு. தாயத்துக் கட்டினவன் எப்படித் தவசி ஆவான்? அவனை எந்த வீட்டிலிருந்து பிடித்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

சிலுவைமுத்து

சிகாகோ
30.6.1996

அன்புள்ள அப்பா,

உங்கள் விதிகள் அப்படியே புத்தகத்தில் ஏறிவிட்டன.

நீங்கள் ஊகித்தது சரி. அந்த மல்லன் தெரேஸின் தாத்தா. செனகலில் மீன்பிடிக்கிற ஊர், நம்மைப் போல வேதக்கார ஊர். சண்டைக்கு முன்பு ஒருநாள் பட்டினி கிடந்து, கடல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டுதான் இறங்குவாராம். அந்தப் பகுதியை அவளேதான் எழுதினாள். அவள் வரைந்த தாத்தாவின் படமும் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். தாத்தாவும் முதல் அடி அடிக்கமாட்டார் என்றாள். ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகவில்லை. தன் சத்தியத்தால் இன்னொருவர் கண்ணீர் விட்டால், மல்லன் கடலில் முழுகி அதை இறக்கிவைக்கலாம் என்று விதி எழுதியிருக்கிறாள்.

டிக்கெட் எடுக்கட்டுமா அப்பா?

கிங்ஸ்லி

சேசு மரி சூசை

உவரி
21.7.1996

கிங்ஸ்லிக்கு,

எனக்கும் உனக்கும் உள்ள கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்ட யார் சொன்னது?

படத்தை உன் அம்மை கரைக்கு எடுத்துப் போனாள். மீன் எடுக்க வந்த அன்னத்தாய் பார்த்துவிட்டு, “ஏ மைனி, இது யாரு? நம்ம கரையில வள்ளம் தள்ளுதவன் கணக்கால்லா நிக்கான்” என்றாளாம். இவள், “எங்க சம்பந்தக்காரரு” என்று சொல்லியிருக்கிறாள். ஊரே சிரிக்கிறது.

சத்தியத்தை இறக்கிவைக்கிற விதி எனக்குத் தெரியாது. டிக்கெட் எடுக்காதே.

சிலுவைமுத்து

சேசு மரி சூசை

உவரி
9.2.1997

கிங்ஸ்லிக்கு,

புத்தகம் வந்தது. உள்ளே உன் கடிதம் ஒன்றும் இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு பதினோரு நாள் வாசித்தேன்.

மல்லன் பகுதியில் அவள் பெயரும் தவசி பகுதியில் உன் பெயரும் போட்டிருக்கிறது. அங்கே நான் சொல்லாத விதி ஒன்றைச் சேர்த்திருக்கிறாய். வார்த்தை மாறாத ஒவ்வொரு வருஷமும் தவசிக்குப் பலம் ஏறுமாம். ஆனால் கூட இருக்கிற யாரும் அவன் காயத்துக்கு மருந்து போட முடியாதாம். உன் அம்மைக்கு வாசித்துச் சொன்னேன். “சரியாத்தான எழுதிருக்கான்” என்றாள். பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்த விதி தப்பு. வனத்து அந்தோனியார் அடிபட்டுக் கிடந்தபோது ஒரு சிநேகிதன்தான் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனான். அவரும் பேசாமல் கிடந்தார். நீ அரைகுறையாக வாசித்திருக்கிறாய்.

பங்குச் சாமியார் சத்தியத்திலிருந்து விடுவிக்கிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். நீ என் வாசலை மிதிக்கக் கூடாது என்றுதான் சத்தியம் செய்தேன். நான் வாசலைத் தாண்டமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, வண்ணார்பேட்டையில் பஸ் நிற்கிற இடத்தில் காலை பத்து மணிக்கு இருப்பேன். உன் அம்மையும் வருவாள். நாலு மணி வரைக்கும் நிற்போம். நீ பதில் போடாவிட்டாலும் நிற்போம்.

இது மன்னிப்பு இல்லை. டெல்பின் வீட்டாருக்கு எதிரே வந்தால் இன்றைக்கும் நான்தான் தலையைக் குனிகிறேன். நீ கட்டின அந்தப் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. நீ நடுவில் நின்று மொழிபெயர்க்கும்போது, நான் சொன்னதை மட்டும் சொல். நீயாக நல்லதாக ஒன்றும் சேர்க்காதே.

உன் தகப்பன்
சிலுவைமுத்து